சேற்றுத் தண்ணீர்

சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதை நம் வயதுக்காரர்களுக்கு மனப்பாடம். 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகள் போயின. வாத்துப் பண்ணைகள் போயின. தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு இடம் மாறின. 1987இல் வேலை முடிந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது கட்டட வேலையிடத்துச் சேற்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

எண்பதுகளில் வேலையிடங்களில் மேற்பார்வை பார்த்தவன் நான். மழை கொட்டினால் கால்வாயில் தே தாரேக் நிறத்தில் தண்ணீர் ஓடும். அதை அழுக்கு என்று எங்களில் யார் நினைத்தோம்? மண்தானே! கால்வாய் அடைத்துக்கொண்டால்தான் திட்டு விழும்.

1999இல் கழிவுநீர், வடிகால் சட்டம் வந்தது. ஆனாலும் சேற்றின் மதிப்பை மாற்றியது 2008இல் திறந்த மரினா அணைதான் என்பது என் கணிப்பு. அதுவரை கடலுக்குப் போன சேறு, அதன்பின் குடிதண்ணீரில் கலக்கும். தீவின் ஆறில் ஒரு பங்கு, சுமார் 10,000 ஹெக்டர், அதற்கு நீர் அனுப்புகிறது. தோ பாயோவில் வெட்டும் குழிக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் உறவு வந்துவிட்டது.

நம் மண்ணும் லேசுப்பட்டதல்ல. தீவின் நடுப்பகுதியில் கருங்கல் மக்கி உண்டான செம்மண். அதிலுள்ள களிமண் துகள் அவ்வளவு நுண்மையானது; குட்டையில் தேக்கிவைத்தாலும் எளிதில் அடியில் படியாது. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால் ரசாயனம் கலந்து துகளைத் திரட்டும் இயந்திரங்கள், சுற்றுக் கால்வாய், வண்டல் தடுப்பு வேலி, கண்காணிப்புக் கேமரா எல்லாம் வந்தன. மண் அரிப்புத் தடுப்பில் தகுதி பெற்ற பொறியாளர்தான் திட்டம் போடவேண்டும். குத்தகையாளர்களுக்கு இயந்திரத்தின்மேல் ஒரு மோகம். என்னைக் கேட்டால், மண்ணைத் திறந்து போடாமல் மூடிவைப்பதுதான் மலிவு.

மேகம் கறுத்ததும் சரிவில் கேன்வாஸ் விரிக்க ஓடுகிறவர்களில் நம் தமிழ்நாட்டுத் தம்பிகளும் உண்டு. புதுக்கோட்டைப் பையன் ஒருவன் கேட்டான்: “எங்க ஊர்ல கண்மாய் வண்டலை வயலுக்கு அள்ளிட்டுப் போவோம், இங்க ஏன் ஐயா இந்தப் பாடு?”

“இங்கே வயல் ஏதுப்பா?” என்றேன். சிரித்துக்கொண்டே கேன்வாஸின் மறுமுனையைப் பிடித்தான்.