மாடிப்படிக்குக் கீழே ஒரு யெஸ்டி

பெங்களூரில் தூரவாணிநகர் பக்கம் என் மாமா வீடு. ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (ஐ.டி.ஐ. என்றதும் தொழிற்பயிற்சி நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1948-ல் தொடங்கியது. கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. ஃபேக்டரி வந்து ஊருக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.)

2024 பொங்கலுக்கு நான்கு வாரம் லீவில் போயிருந்தேன். வீட்டை இடித்து அப்பார்ட்மெண்ட் கட்ட பில்டரிடம் பேசி முடித்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். பாத்திரம், பரண், புத்தகம் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. மிச்சம் இருந்தது மாடிப்படிக்குக் கீழே, கோணிச் சாக்கு போர்த்திய யெஸ்டி ரோட்கிங். 1981-ல் வாங்கியது, 2001-க்குப் பிறகு தெருவைப் பார்க்காதது. பழைய இரும்புக்காரர் வந்தார். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "எடைக்குத்தான் சார் போகும்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் காப்பி குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீ பொறந்த அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு இதுலதான்டா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எடைக்குப் போடணும்னா போடு."

இப்படிச் சொன்னால் எவன் போடுவான்? அத்தை என்னைப் பார்த்த பார்வையில், "இந்தக் கிழவருக்கு வேற வேலை இல்ல" என்பதும் இருந்தது, "ஏதாவது பண்ணேன்டா" என்பதும் இருந்தது.

அந்த மூன்று வாரமும் பகலில் மெக்கானிக் கடை, ராத்திரி இந்த வண்டியின் பூர்வீகத்தைப் பற்றிப் படிப்பது என்று போனது. பூர்வீகம் செக் நாடு. ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்ற ஆயுதத் தொழிற்சாலைக்காரர், 1929-ல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் வடிவமைப்பை விலைக்கு வாங்கினார். அவர் பேரில் பாதி, வாண்டரரில் பாதி: ஜாவா. முதல் வண்டி கனம், விலையும் அதிகம். பிறகு இங்கிலாந்தின் வில்லியர்ஸ் இன்ஜின் போட்ட சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டிதான் கம்பெனியைக் காப்பாற்றியது.

இரண்டாம் உலகப்போரில் நாட்டை ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஃபேக்டரியில் அவர்களுக்கான வேலைதான் நடக்க வேண்டும். ஆனால் இன்ஜினியர்கள் சிலர் ரகசியமாக ஒரு 250 சி.சி. வண்டியை வரைந்து, செய்து, ஓட்டியும் பார்த்துவிட்டார்கள். போர் முடிந்து 1946-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பேர் பேராக். ஒளித்து வைத்து வளர்த்த அந்த வண்டியின் பேத்திதான் மாடிப்படிக்குக் கீழே ஒளிந்திருந்தது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? 1950-களில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. வெளிநாட்டு வண்டி இறக்குமதிக்குக் கதவு மூடியாகிவிட்டது, வேண்டுமானால் இங்கேயே செய்துகொள் என்றது அரசாங்கம். 1955-ல் நம் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தது, திருவொற்றியூரில் புல்லட் வர ஆரம்பித்தது. வடக்கே எஸ்கார்ட்ஸ், போலந்து வடிவமைப்பை வைத்து ராஜ்தூத் செய்தது. பம்பாயில் ஜாவாவை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த பார்சிக் குடும்பத்துக்காரர் ருஸ்தம் இரானி. அவரும் ஃபரூக் இரானியும் மைசூருக்கு வந்து ஐடியல் ஜாவா கம்பெனியைத் தொடங்கினார்கள். 1961-ல் யாதவகிரி ஃபேக்டரியிலிருந்து முதல் வண்டிகள் வெளியே வந்தன. அதைத் தொடங்கி வைத்தவர் ஜெயசாமராஜேந்திர உடையார். மகாராஜாவாக இருந்து, அப்போது மைசூர் மாநில கவர்னராக இருந்தவர். பிறகு 1964-லிருந்து 1966 வரை நம் மெட்ராஸ் மாநிலத்துக்கும் கவர்னர்.

பெங்களூரில் வண்டி வைத்திருக்கிற எவருக்கும் ஜே.சி. ரோட் தெரியும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் பேர்போன அந்த ரோட்டின் முழுப் பேர் ஜெயசாமராஜேந்திர ரோட். அவர் திறந்து வைத்த ஃபேக்டரி மூடி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் வண்டிக்கு கிளட்ச் பிளேட் தேடி அவர் பேர் உள்ள ரோட்டில் அலைந்தோம் :-)

யெஸ்டி என்ற பேர் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. செக் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து சொந்தப் பேர் தேவைப்பட்டது. ஈரானில் ஜொராஸ்டிரியர்களின் பழைய ஊர் யஸ்த். இரானி குடும்பத்துக்கு அந்த ஞாபகம் என்பார்கள். செக் மொழியில் 'யெஸ்டி' என்பதற்கு 'ஓட்டுகிறான்' என்று அர்த்தம் வருவது கூடுதல் பொருத்தம். ரோட்கிங் மாடல் 1978-ல் வந்தது.

சரி, வண்டிக்கு வருவோம். சிவாஜிநகர் பக்கம் ஒரு மெக்கானிக். அறுபது வயதிருக்கும். தமிழ், கன்னடம், தக்கினி உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாராவது கிக் அடிச்சுப் பார்த்தீங்களா?"

இல்லை என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். ஆர்வக்கோளாறில் ஓங்கி மிதித்தால் ரிங் உடையும், அல்லது சிலிண்டரைக் கீறிவிடும். அதனால் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தார். மூன்றாம் நாள் வண்டியை கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினார். முதலில் அசையவே இல்லை. பிறகு விரல்கடை. பிறகு 'ச்சக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. மாமா முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெட்ரோல் டாங்க் உள்ளே முழுக்கத் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டு, இரண்டு பேர் அரை மணி நேரம் குலுக்கினோம். வெளியே வந்தது செம்மண் தண்ணீர்! இப்படி நான்கு தடவை. காபரேட்டரில் பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி இறுகி, ஊசி நுழையும் துளையெல்லாம் அடைத்திருந்தது. கிளட்ச் பிளேட்டுகள் அப்பளக்கட்டு நமுத்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கேபிள், டயர், ட்யூப், பேட்டரி எல்லாம் புதிது. கான்டாக்ட் பாயிண்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தே சரிபண்ணிவிட்டார்.

ஆனால் அவர் ரொம்ப நேரம் செலவழித்தது கிராங்க் ஆயில் சீல்களுக்கு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் அறைக்குப் போய், அங்கிருந்துதான் மேலே தள்ளப்படும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். சீல் ரப்பர் காய்ந்து வெடித்தால் ஒரு பக்கம் வெளிக்காற்றை இழுக்கும், மறுபக்கம் கியர் ஆயிலை இழுத்து எரித்து வெள்ளைப் புகையாகக் கக்கும். வெளியே எவ்வளவு பளபளப்பாகப் பாலிஷ் போட்டாலும் இந்த இரண்டு ரப்பர் வளையங்கள் சரியில்லை என்றால் வண்டி ஒழுங்காக ஓடாது. இதற்காக இன்ஜினை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நிறையப் பேர் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வார்கள் என்றார்.

சீல் எங்கே கிடைத்தது? கிடைத்தது, அதுதான் ஆச்சரியம். மூடிப்போன கம்பெனியின் வண்டிக்கு கேபிள், பாயிண்ட், சீல், கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றும் சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்கிறார்கள். "எப்படி பாய் இன்னும் பார்ட்ஸ் வருது?" என்று கேட்டேன். "மாடலே மாறலியே சார். அப்பாவுக்கு வந்த பார்ட்ஸ் புள்ளைக்கும் வருது" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன இந்த வாக்கியத்தில்தான் யெஸ்டி ஏன் பிழைத்தது, ஐடியல் ஜாவா ஏன் பிழைக்கவில்லை என்ற இரண்டுமே இருப்பதாக எனக்குப் பட்டது. 1961-ல் வந்த ஜாவா இன்ஜினின் அடிப்படை முப்பத்தைந்து வருஷம் கழித்தும் பெரிதாக மாறவில்லை. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்ஸர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. இடதுபக்கம் உள்ள அந்த லீவரை உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் கீழே விழுந்து கியர். கியர் மாற்றும்போது காலால் லீவரை அழுத்தினாலே கிளட்ச் தானாக விலகும், கை கிளட்ச் பிடிக்க வேண்டாம். இது அந்தப் போர்க்கால பேராக்கின் சொத்து. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவனும் பழகிக்கொள்ளலாம். சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர்களும் இதைத்தான் பிரித்து மேய்ந்தார்கள், மாமா மாதிரி ஷிஃப்டுக்குப் போனவர்களும் இதைத்தான் ஓட்டினார்கள். போட்டி இல்லாத காலத்தில் மாற்றுவதற்கு என்ன அவசியம்?

1984-ல் அவசியம் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில், நம் ஓசூரில், டி.வி.எஸ். கம்பெனி சுசுகியோடு சேர்ந்து 100 சி.சி. வண்டியை இறக்கியது. அடுத்த வருஷம் ஹீரோ ஹோண்டாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் சி.டி. 100, யமஹாவின் ஆர்.எக்ஸ். 100. ஒரு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று ஹோண்டா விளம்பரம் போட்டபோது, யெஸ்டி முப்பதைத் தாண்டினாலே மாமா இனிப்பு வாங்கிவருவார். கூடவே புகை. டூ-ஸ்ட்ரோக்கில் கணிசமான பெட்ரோல் எரியாமலேயே சைலன்ஸர் வழியாக வெளியே போய்விடும், கலந்த ஆயிலும் சேர்ந்து போகும். 1991-ல் மாசுக் கட்டுப்பாட்டு அளவு வந்தது, 1996-ல் அதை இறுக்கினார்கள். தொழிலாளர் பிரச்சினை, பணத்தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து 1996-ல் யாதவகிரி ஃபேக்டரி மூடப்பட்டது.

யெஸ்டி ரசிகர்கள் சத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், அந்தச் சத்தத்தைச் செய்தவர்களைப் பற்றி எழுதுவதில்லை. கம்பெனி திவாலாகி ஹைகோர்ட் லிக்விடேட்டர் கைக்குப் போனது. வேலை போனவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் மைசூரில் வேறு எந்த ஃபேக்டரி வேலை காத்திருந்திருக்கும்? பின்னால் மஹிந்திராவும் இரானி குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ், 2018-ல் ஜாவாவையும் 2022-ல் யெஸ்டியையும் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளாகத் திரும்பக் கொண்டுவந்தது. மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் செய்கிறார்கள். பேர் யாருக்குச் சொந்தம் என்று கர்நாடக ஹைகோர்ட் வரை வழக்கு நடந்தது. பேருக்கு இருக்கிற மதிப்பைப் பாருங்கள்.

வண்டி தயாரானாலும் பேப்பர்? சொந்த வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். மாமா 1996-ல் ஒரு தடவை புதுப்பித்திருந்தார் (ஃபேக்டரி மூடிய அதே வருஷம்!), 2001-ல் அது முடிந்தது. அதன்பிறகு விட்டுவிட்டார். 2022 ஏப்ரலிலிருந்து பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய், தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் தனி. 2025-ல் இருபது வருஷம் தாண்டிய பைக்குகளுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். மொத்தத்தில் 1981-ல் வண்டி வாங்கிய விலையைவிடப் பேப்பருக்கு அதிகம் ஆனது. ஐம்பது வருஷம் தாண்டினால் 2021 விதிப்படி 'விண்டேஜ்' என்று பதியலாம், ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. எங்களுடையது அதற்குச் சின்னப் பிள்ளை. டெல்லியாக இருந்தால் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை. கர்நாடகத்தில் அப்படி இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் வீட்டிலும் ஒன்று தூங்குகிறது என்றால் ஒரு விஷயம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் டியூப், சீல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள், டாங்க்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயிலை மறந்துவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மெக்கானிக் கடையில் ஸ்டார்ட் பண்ணினோம். ஐந்து கிக் வரை ஒன்றுமில்லை. ஆறாவதில் ஒரு இருமல். எட்டாவதில் பிடித்துக்கொண்டது. கடை முழுக்கப் புகை, எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப்பார்த்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகைதான் என்றார்.

பேப்பர் வேலையெல்லாம் முடியும்போது நான் இங்கே வந்துவிட்டேன். அவர்களும் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று வந்தது. மாமாவுக்கு இடதுகையில் மூட்டுவலி, டம்ளரையே இறுக்கிப் பிடிக்க முடியாது. கிளட்ச் லீவரை எப்படிப் பிடிப்பார் என்பதுதான் என் கவலையாக இருந்தது. வீடியோவில் நந்தினி பால் பூத் தாண்டி மெதுவாக வருகிறார். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குக் காலால் மாற்றுகிறார், இடதுகையைத் தூக்கி கேமராவுக்கு ஆட்டிக்கொண்டே. பின்னால் அத்தையின் குரல்: "கையப் புடிச்சு ஓட்டுங்க, விழுந்து வைக்கப் போறீங்க!"