தாத்தாவின் டிரான்சிஸ்டரும் பயாஸ் கணக்கும்

நம்ம ஊரில் 'டிரான்சிஸ்டர்' என்றால் உள்ளே இருக்கும் சின்னப் பாகம் இல்லை, ரேடியோவே அதுதான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். 1954 அக்டோபரில் ரீஜென்ஸி டிஆர்-1 என்ற பாக்கெட் ரேடியோ அறிவிக்கப்பட்டது. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த நாலு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். விலை 49.95 டாலர். (பி.காம். படிக்கிறவன் கண்ணில் முதலில் விலைதானே படும் :) )

ஆனால் ஜெர்மானியம் ஒரு முன்கோபி. பத்து டிகிரி சூடு ஏறினால் கசியும் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். போதாததற்கு, ஒரே நம்பர் போட்ட இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே மாதிரி பெருக்காது. இதை அடக்கத்தான் பயாஸ், அதாவது பாட்டு வராதபோதும் ஓடும் சின்ன, நிலையான மின்னோட்டம். வழக்கமான அமைப்பில் பேஸுக்கு இரண்டு ரெசிஸ்டர், எமிட்டருக்கு ஒன்று. மின்னோட்டம் ஏறினால் எமிட்டர் வோல்டேஜும் ஏறும். பேஸுக்கும் எமிட்டருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, மின்னோட்டம் தானாக அடங்கும். மூன்றாவது காலுக்குப் பெயர் கலெக்டர். மாவட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் தாத்தாவின் ரேடியோவும் ஜெர்மானியம் காலத்துச் சரக்கு. குரல் கரகரத்தது. கடைக்காரர் "டிரான்சிஸ்டர் போச்சு தம்பி" என்று ஸ்பீக்கர் பக்கத்து இரண்டையும் எடுத்துவிட்டு சிலிக்கான் போட்டார். கரகரப்பு இன்னும் மோசம். ஜெர்மானியத்துக்கு பேஸ்-எமிட்டர் இடையே 0.1 முதல் 0.3 வோல்ட் போதும், சிலிக்கான் 0.6 கேட்கும். பழைய ரெசிஸ்டர்கள் அவ்வளவு கொடுக்காது. நல்ல வேளையாக, கழற்றியதைத் தீப்பெட்டியில் போட்டுத் தந்திருந்தார். அவற்றையே திரும்ப வைத்தேன்.

நண்பனின் மல்டிமீட்டரைக் கடன் வாங்கி, புது பேட்டரி போட்டு ஒவ்வொரு எமிட்டராக அளந்தேன். எமிட்டர் வோல்டேஜை அதன் ரெசிஸ்டரால் வகுத்தால் மின்னோட்டம். பேரேடு சரிபார்ப்பது போலத்தான். ஸ்பீக்கர் ஜோடிக்கு முந்தைய டிரான்சிஸ்டரில் கணக்கு உதைத்தது. 1 கிலோ ஓமில் 1 வோல்ட் இருக்க வேண்டும், இருந்தது 0.2. ரெசிஸ்டர்கள் சரி. வால்யூமிலிருந்து பேஸுக்கு வரும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஒரு காலைக் கழற்றியதும் முள் 1 வோல்ட்டுக்கு ஏறியது. கெபாசிட்டர் கசிந்து பேஸ் வோல்டேஜைக் கீழே இழுத்திருக்கிறது!

டிரான்சிஸ்டர் மேல் பழி போடும்முன் பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டரைப் பாருங்கள். புதுசு சில ரூபாய்தான். தாத்தா அன்று மாலையே மாநிலச் செய்திகள் கேட்டார்.