கெர்னலை நாமே ஏன் கம்பைல் செய்ய வேண்டும்? – ஒரு குட்டி வரலாறு

போன வாரம் என் கணினிக்கென்று லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்தேன். 'மேக் மெனுகான்ஃபிக்' கொடுத்ததும் வந்த ஆயிரக்கணக்கான தேர்வுகளைப் பார்த்துத் தலை சுற்றியது. "ரெடியா கிடைக்குறத விட்டுட்டு எதுக்குடா இது?" என்றான் அறை நண்பன். அவனுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

1991 செப்டம்பரில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 0.01 பதிப்பை வெளியிட்டபோது, கம்பைல் செய்வது பொழுதுபோக்கு அல்ல, கட்டாயம். கிடைத்தது சுமார் 10,000 வரி மூல நிரல் மட்டுமே. அதைக் கம்பைல் செய்ய மினிக்ஸ் ஓடும் 386 கணினி வேண்டும். ஃபின்லாந்து விசைப்பலகையும், வன்தட்டு விவரங்களும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. உங்கள் கணினி வேறா? கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதுதான்!

அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு சுவையான சம்பவம். ஜெர்மனியில் ஒருவரிடம் 2 மெகாபைட் நினைவகம்தான் இருந்தது. கெர்னலைக் கம்பைல் செய்யப் போனால் ஜிசிசிக்கு இடம் போதவில்லை. சின்ன கம்பைலரில் செய்ய வழி உண்டா என்று லினஸிடம் கேட்டார். லினஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, நினைவகம் நிரம்பினால் அதன் பக்கங்களை வன்தட்டுக்குத் தள்ளும் வசதியை எழுதிவிட்டார். 1992 ஜனவரியில் வந்த 0.12-இல் அது சேர்ந்தது. மினிக்ஸில் இல்லாத வசதி அது! நாம் ஸ்வாப் என்கிறோமே, லினக்ஸில் அதன் தொடக்கம் இதுதான்.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் கான் கொலிவாஸ் ஒரு மயக்க மருந்து மருத்துவர். கணினி படித்தவர் அல்ல. பெரிய சர்வர்களுக்காகவே கெர்னலை டியூன் செய்கிறார்கள், வீட்டுக் கணினி திக்குகிறது என்பது அவர் குறை. வீட்டுக் கணினிக்கென்று 'சிகே' பேட்ச்களை எழுதினார். ஆர்வலர்கள் அவற்றைச் சேர்த்துக் கம்பைல் செய்தார்கள். 2007-இல் எல்லா நிரல்களுக்கும் சமமாக நேரம் பங்கிடும் அவரது ஷெட்யூலருக்குப் பதில், இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் கெர்னலுக்குள் போனது. சமப் பங்கீடு சாத்தியம் என்று நிரூபித்தவர் கான்தான் என்று மோல்னாரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மனம் வெறுத்து விலகிய கான், 2009-இல் பிஎஃப்எஸ் என்ற புது ஷெட்யூலரோடு வந்தார், வெளியே பேட்சாகவே.

2013-இல் வந்த 3.8 பதிப்போடு, லினக்ஸ் பிறந்த 386-க்கான ஆதரவே நீக்கப்பட்டது. 2023-இல் 6.6 பதிப்பில் சிஎஃப்எஸ்ஸும் இடம் மாறியது. எதுவும் நிரந்தரமில்லை.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: 2 மெகாபைட்டோடு ஒருவர் கம்பைல் செய்ய முயன்றிருக்காவிட்டால் அந்தக் குறை லினஸுக்குத் தெரிந்தே இருக்காது. திறந்து பார்ப்பவனுக்குத்தான் கேள்வி வரும்!