யார் முகம் பார்த்துத் தண்டனை?

திருக்குறள் வகுப்பில் ஒரு சொல் நம்மை ஒவ்வோர் ஆண்டும் சற்றே நிறுத்திவிடும். 'கண்ணோட்டம்' என்பதே அது. செங்கோன்மை அதிகாரத்தில் குற்றத்தை ஆராயும் மன்னனிடம் கண்ணோடாமல் இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். மூன்று அதிகாரங்கள் கழித்துக் கண்ணோட்டத்தையே தலைப்பாக்கிப் போற்றுகிறார். இது முரண் அன்றோ என்று மாணவர் வினவுவர். வேண்டியவர் முகம் பார்த்து நீதி வளைவது ஒன்று. பிறர் துயர் கண்டு நெஞ்சம் இளகுவது மற்றொன்று என்று விளக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்வோம். ஆனால், நீதிமன்றத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது அத்துணை எளிதன்று. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கு இந்திய நீதிமன்றங்கள் தண்டனை அளந்த வரலாற்றைப் படித்தபோது நாம் உணர்ந்தது இதுவே.

அவ்வரலாற்றை 1890-இல், கல்கத்தாவிலிருந்து தொடங்கலாம். பத்து வயதைக் கடந்திருந்த புல்மணி தாசி என்னும் சிறுமி, முப்பது வயதை ஒட்டிய தன் கணவனின் வன்செயலால் இறந்துபோனாள். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், பத்து வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் செய்வதைப் பாலியல் வன்கொடுமை எனக் கருதவில்லை. ஆகவே அக்குற்றச்சாட்டுக்கே இடமில்லாமற் போயிற்று. கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் விளைவித்தான் என்ற பிரிவில் மட்டுமே அவன் குற்றவாளியானான். தண்டனை ஓராண்டுக் கடுங்காவல். நீதிமன்றம் அங்கே பார்த்தது கணவனின் உரிமையை. சிறுமியின் வயது அவ்வுரிமையின் எல்லைக்கோடாக மட்டுமே கணக்கில் வந்தது. இவ்வழக்கு எழுப்பிய கொந்தளிப்புக்கு நடுவே, திலகர் போன்றோரின் எதிர்ப்பையும் மீறி, 1891-இல் அந்த எல்லை பன்னிரண்டாக உயர்ந்தது. மணமான சிறுமிக்கும் பதினெட்டு வயதுவரை காப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017-இல்தான். இடையே சென்றவை நூற்றிருபத்தாறு ஆண்டுகள்.

வயது எல்லையின் கதை இவ்வாறிருக்க, தண்டனை அளவின் கதை வேறு. 1860-ஆம் ஆண்டுச் சட்டம் வன்கொடுமைக்கு மேல்வரம்பு வகுத்ததேயன்றிக் கீழ்வரம்பு வகுக்கவில்லை. எவ்வளவு குறைப்பது என்பது நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருத்தமே முதன்முறையாகக் கீழ்வரம்பு கொணர்ந்தது: பொதுவாக ஏழாண்டு, பாதிக்கப்பட்டவள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவளாயின் பத்தாண்டு. எனினும், போதுமான சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் எழுதி அதனினும் குறைக்கலாம் என்று ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. அவ்வாயில் வழியே நுழைந்தவை எவை?

பதினாறு வயது நிரம்பாத பஞ்சாப் மாணவி ஒருத்தியின் வழக்கைக் காண்போம். 1984-இல் நிகழ்ந்த கொடுமை அது. விசாரணை நீதிமன்றம் அவள் ஒழுக்கத்தையே ஐயுற்று எதிரிகளை விடுவித்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்து அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பாதிக்கப்பட்டவரின் சொல்லை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஆயின் தண்டனை என்று வந்தபோது, கீழ்வரம்பினும் குறைவாக ஐந்தாண்டே விதித்தது. காலம் கடந்துவிட்டது, எதிரிகள் இளைஞர்கள், அவர்களும் அப்பெண்ணும் இதற்குள் மணமுடித்து வாழத் தொடங்கியிருப்பர் என்பன காரணங்கள். 'இருப்பர்' என்பது ஊகம். அப்பெண்ணிடம் கேட்டறிந்ததன்று.

கருநாடகத்து வழக்கொன்று இன்னும் தெளிவானது. பாதிக்கப்பட்டவள் ஏழெட்டு வயதுக் குழந்தை; விசாரணை நீதிமன்றம் பத்தாண்டு விதித்தது. உயர்நீதிமன்றம் அதை நான்காண்டாகக் குறைத்தது. குற்றவாளி எழுத்தறிவற்றவன், நலிந்த பிரிவினன், குடிக்கு அடிமை, முதிய தாயும் மனைவி மக்களும் அவனை நம்பியிருக்கின்றனர் என்றது. காரணங்கள் அனைத்தும் குற்றவாளியின் வீட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. குழந்தையின் வீட்டை எட்டிப்பார்த்தது ஒன்றுமில்லை. 2000-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இவற்றைச் சிறப்புக் காரணங்களாக ஏற்க மறுத்துப் பத்தாண்டையே மீட்டது. இருவரின் சமூக நிலையும் அளவுகோல் ஆகாது, குற்றவாளியின் நடத்தையும் பாதிக்கப்பட்டவளின் வயதும் குற்றத்தின் கொடுமையுமே அளவுகோல் என்றது.

அடுத்து வந்த சட்டங்கள் அவ்வாயிலை அடைத்தன. 2012-இல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட அனைவரையும், ஆண் குழந்தைகள் உட்படக் காத்தது. கீழ்வரம்பைக் குறைக்கும் விதிவிலக்கு எதையும் தரவில்லை. 2013-இல் தண்டனைச் சட்டத்தின் விதிவிலக்கும் நீங்கியது. 2019-இல் போக்சோவின் கடுங்குற்றங்களுக்குக் கீழ்வரம்பு இருபதாண்டாயிற்று, மேல்வரம்பு மரணதண்டனை. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் பத்தாண்டை ஏழாண்டாகக் குறைத்தபோது, சட்டம் வகுத்த கீழ்வரம்பைத் தாண்டிக் கீழிறங்க எந்த நீதிமன்றத்துக்கும் இடமில்லை என்று 2023-இல் உச்சநீதிமன்றம் அதைத் திருத்தியது.

இத்துடன் கதை முடிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். முடியவில்லை.

மேற்கு வங்கத்தில் பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஒருவனுடன் சென்றாள் ஒரு சிறுமி. அவனுக்கு விசாரணை நீதிமன்றம் இருபதாண்டு விதித்தது. உயர்நீதிமன்றம் 2023-இல் அவனை விடுவித்தது. அத்தீர்ப்பை நீக்கி 2024-இல் அவன் குற்றவாளியே என்றது உச்சநீதிமன்றம். ஆயின் தண்டனையை உடனே நிறைவேற்றாமல், வல்லுநர் குழு ஒன்றை அப்பெண்ணிடம் அனுப்பியது. குற்றத்தைவிட அதன்பின் வந்த காவல்நிலையமும் வழக்கும் அவனை மீட்கப் பட்ட பாடுமே அவளை வருத்தின என்று தெரியவந்தது. 2025 மே மாதத்தில், அரசமைப்பின் 142-ஆம் பிரிவைக் கொண்டு, தண்டனை விதிக்காமலேயே விட்டது நீதிமன்றம். இது பிற வழக்குகளுக்கு முன்மாதிரி ஆகாது என்றும் எழுதியது. அவளை அன்று காக்கத் தவறிய சமூகமும் சட்டமும் குடும்பமும் அவளுக்கு வேறு வழி காட்டவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை.

அவளுடைய விருப்பம் உண்மையில் அவளுடையதுதானா என்ற ஐயம் நமக்கு இன்னும் தீரவில்லை. கீழ்வரம்பு வேண்டும் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. நான்காண்டுத் தீர்ப்பைப் படித்தவர்க்கு அது ஏன் என்பது விளங்கும். ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1890-இல் கணவன் முகம் பார்த்தார்கள். பின்னர்க் குற்றவாளியின் முகமும் அவன் குடும்பத்தார் முகமும் பார்த்தார்கள். 1996-இல் அப்பெண்ணின் வாழ்வை ஊகித்தார்கள். 2025-இல்தான், தண்டனை எழுதும் முன்பாக, அவளிடமே ஆளனுப்பிக் கேட்டார்கள்.

அடுத்த முறை மாணவர் கண்ணோட்டத்தைப் பற்றி வினவினால், முன்புபோல் இரண்டு வரியில் விடை சொல்லிக் கடந்துபோக நம்மால் இயலாது.