நேர்த்தியும் கடனும்: ஆஸ்டெக் வழிபாட்டைச் சிகந்திராபாத்திலிருந்து நோக்குதல்

ஆஷாட மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், சிகந்திராபாத் மெட்டுகுடாவின் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய தெருக்கள் வழியே, பாலும் வெல்லமும் கூட்டிப் பொங்கிய சோற்றை மஞ்சள் பூசிய பானையில் நிரப்பி, வேப்பிலை சுற்றி, மேலே விளக்கேற்றித் தலையில் சுமந்து அம்மன் கோயிலுக்குச் செல்லும் பெண்களைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். போஜனம் என்னும் வடசொல் மருவித் தெலுங்கில் போனம் ஆயிற்று என்பர்; அதன் பன்மையாகிய போனாலுவே இத்திருவிழாவின் பெயர். ஆடிக்கூழ் வார்க்கும் ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய தமிழர்க்கு இதில் விளக்கம் வேண்டிய பகுதி அதிகமில்லை. விளக்கம் வேண்டுவது, இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, 1521 ஆகஸ்டு 13-இல் ஸ்பானியர் கையில் வீழ்ந்த, ஆஸ்டெக்குகளின் தலைநகரமாகிய தெனோச்டிட்லான் நகரத்தாரின் சமயத்தை நான் ஏன் ஆராயப் புகுந்தேன் என்பதே.

முதலில் ஒரு சந்தேகத்தை நீக்கிவிடுகிறேன். பிக்ஷு சமன்லால் 1940-இல் வெளியிட்ட ‘ஹிந்து அமெரிக்கா’வைப் போல, இந்நாட்டினர் கடல் கடந்து சென்று அங்கே தெய்வங்களை நாட்டினர் என்று சாதிப்பது என் நோக்கமன்று, அத்தகைய வாதங்கள் பெருமிதத்தை வளர்க்குமேயன்றிப் பிரமாணத்தைத் தருவதில்லை. என் வினா மொழியைப் பற்றியது. ஆஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் தெய்வத்துக்குச் செலுத்துவதைக் குறிக்கும் முக்கியமான சொற்களுள் ஒன்று நெஷ்ட்லாவல்லி. கடனைத் திருப்பிச் செலுத்துதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஐரோப்பிய நூல்களை அடியொற்றி இதனைப் ‘பலி’ என்று நாம் எழுதிவருவதால், குருதி மட்டும் கண்ணில் நின்று, கணக்கு மறைந்துபோகிறது. நேர்த்திக்கடன் என்னும் சொல்லைக் கைவசம் வைத்திருப்பவர்கள் வேறொரு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அச்சொல்லையும் பிரித்துப் பார்த்தே வழங்க வேண்டும்.

நேர்த்தி என்பது மனிதன் தானாக முன்வந்து, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று செய்துகொள்ளும் உடன்படிக்கை. கடன் என்பது அவனைக் கேளாமலே அவன் பிறப்போடு வருவதாகவும் இருக்கக்கூடும். அந்தணன் மூன்று ருணங்களோடு, அதாவது கடன்களோடு, பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை கூறுவது இவ்வகையினது. ஆஸ்டெக் கடனும் இவ்வகையைச் சார்ந்ததே. தெயோதிவாகான் என்னும் இடத்தில் நானாவாட்சின் என்னும் நோயுற்ற எளிய தெய்வம் தீயில் பாய்ந்து சூரியனானதையும், உதித்தும் அசையாது நின்ற அச்சூரியன் நகரும்பொருட்டு ஏனைய தெய்வங்கள் உயிர் நீத்ததையும் அவர்களுடைய புராணம் கூறுகிறது. தெய்வங்கள் முன்பணமாக உயிரைக் கொடுத்துவிட்ட உலகில் பிறப்பவன் எவனும் கடனாளியே.

இவ்வளவில் நின்றுவிட்டால் நேர்த்தி நமக்கும் கடன் அவர்களுக்கும் என்று பங்கிட்டுவிடலாம். வரலாறு அவ்வாறு பங்கிட இடம் தருவதில்லை. சிகந்திராபாத் உஜ்ஜயினி மகாங்காளி கோயிலின் தலவரலாற்றின்படி, படையில் டோலி சுமப்பவராயிருந்த சுரிட்டி அப்பையா 1813-இல் உஜ்ஜயினிக்கு அனுப்பப்பட்டார். வாந்திபேதி பரவிய அவ்வேளையில், ஊர் மக்கள் பிழைத்தால் அன்னையைத் தம்மூரிலே பிரதிஷ்டை செய்வதாக அங்கே வேண்டிக்கொண்டார். 1815-இல் திரும்பி வந்து மரத்தாலான திருவுருவை நிறுவினார். உடன்படிக்கை அன்றே நிறைவேறிவிட்டது. நேர்த்தி மட்டும்தான் என்றால் கணக்கு அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, வாந்திபேதியைக் கண்டிராத தலைமுறையினரும் ஆண்டுதோறும் பானை சுமக்கின்றனர். ஒருவர் நேர்ந்தது ஓர் ஊரின் கடனாக மாறிவிட்டது.

இதே மாற்றத்தை, மிகக் கொடிய வடிவில், தெனோச்டிட்லானிலும் காண்கிறோம். அந்நகரின் பெருங்கோயில் உச்சியில் போர்த்தெய்வமாகிய ஹுவிட்சிலோபோச்ட்லிக்கும் மழைத்தெய்வமாகிய ட்லாலோக்குக்கும் அருகருகே இரு சந்நிதிகள் இருந்தன. ட்லாலோக்கின் பக்கத்தே அகழ்ந்தெடுக்கப்பட்டு 48 என எண்ணிடப்பட்ட காணிக்கைக் குழியில் குறைந்தது 42 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. இதனை 1454-ஐ ஒட்டிய பெரும் பஞ்சத்தோடு ஆய்வாளர் தொடர்புபடுத்துகின்றனர். மழைக்காகக் குழந்தைகளைச் செலுத்துவதோ அவர்களுடைய பஞ்சாங்கத்தின் முதல் மாதத்துச் சடங்காகவே விதிக்கப்பட்டிருந்தது. ஆபத்தில் பெருகிய காணிக்கையும் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட காணிக்கையும் ஒரே தெய்வத்தின் காலடியில் கலந்து கிடப்பதை இங்குக் காண்கிறோம். இதை எழுதுகையில் ஒப்பியல் என்னும் சொல்லின் நிதானம் எனக்கே சற்றுக் கூசுகிறது.

ஆனால் பெருங்கோயிலை மட்டும் பார்த்து ஆஸ்டெக் சமூகத்தை மதிப்பிடுவோர் அதன் அடுப்படியைக் காணாது போகின்றனர். பெர்னார்தினோ தெ சாகூன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, நாவாட்ல் மொழியறிந்த உள்நாட்டு அறிஞரைத் துணைக்கொண்டு பன்னிரண்டு நூல்களாகத் தொகுத்த பெருந்தொகுதியில், மக்காச்சோளத்தை உலையிலிடுமுன் அது வெப்பத்துக்கு அஞ்சாதபடி பெண்கள் அதன்மேல் மூச்சு விடுவார்கள் என்றும், சிந்திய மணிகளைப் பொறுக்காமல் விட்டால் அவை தெய்வத்திடம் முறையிடும் என்று நம்பினார்கள் என்றும் ஒரு செய்தி வருகிறது. சிந்திய சோற்றை மிதித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பாட்டிமார்க்கு இதனை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை. விடியலில் முற்றம் பெருக்குவதும் ஆஸ்டெக்குகளுக்கு வழிபாடே. கற்றாழை முள்ளால் தம் காதைக் குத்தி வந்த துளிக்குருதியைச் செலுத்துவதும் அவ்வாறே. கல்புல்லி எனப்பட்ட தெருக்கூட்டங்களுக்குத் தனித்தனித் தெய்வமும் கோயிலும் இருந்தன. இந்த மட்டத்தில் கடனாளி தன் கடனைத் தன் உடலாலும் உழைப்பாலுமே அடைக்கிறான்.

அரசு நுழைந்த இடத்தில்தான் கணக்கு திரிந்தது. பிறர் ஊரில் பிடித்த போர்க்கைதியின் நெஞ்சைப் பிளந்து தம் கடனைத் தீர்ப்பது சூரியனுக்கு நியாயமாக இருந்திருக்கலாம்; அவ்வயலூரார்க்கு அவ்வாறு தோன்றியிராது. ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸுடன் சேர்ந்து போரிட்ட அண்டை நாட்டாராகிய ட்லாஷ்கலர் ஆயிரக்கணக்கில் திரண்டதற்குக் காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டாம். இத்திரிபை ஆஸ்டெக்குகளே உணர்ந்திருந்தனர் என்று கொள்வதற்கும் சாகூனின் தொகுதியில் ஒரு குறிப்பு உண்டு: கைதியைப் பிடித்தவன் அவனை மகன் என்றும், கைதி அவனைத் தந்தை என்றும் அழைத்தனர், பிடித்தவன் மட்டும் அந்தக் கைதியின் ஊனை உண்பதில்லை, அது தன் ஊனையே உண்பதாகும் என்பதால். அயலான் உடலைச் செலுத்தும்போதும் செலுத்துவது தன்னையே என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நெஷ்ட்லாவல்லியை வெறும் பலியாக மொழிபெயர்த்தால் இவ்வுறவுப்பெயரின் அவசியம் விளங்காது. கடன் என்று கொண்டால், ஈடு வைத்தவனின் குற்றவுணர்வாக அது விளங்கும்.

போனாலுவிலும் ஈடுகள் உண்டு. பல கோயில்களில் ஆட்டுக்கும் கோழிக்கும் பதிலாகப் பூசணிக்காய் வந்துவிட்டது. தெய்வத்தின் இடத்தில் மனிதன் நிற்பதும் உண்டு. உடலெங்கும் மஞ்சள் பூசிச் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு முன்னே ஆடிவரும் போத்தராஜு, அன்னையின் சகோதரனாகவே கருதப்படுகிறான். தெய்வத்தின் வேடமும் பெயரும் தாங்கியவரை ஆஸ்டெக்குகள் இஷிப்ட்லா என்றனர். தெஸ்காட்லிபோகா என்னும் தெய்வத்தின் இஷிப்ட்லாவாக ஓராண்டு குழலூதித் திரிந்த இளைஞன், டோஷ்காட்ல் விழாவில் தன் குழல்களைப் படிதோறும் முறித்துக்கொண்டே மேலேறி மாண்டான். போத்தராஜுவோ, மறுநாள் காலை மஞ்சளைக் கழுவிவிட்டு வேலைக்குச் செல்கிறான்.

அந்த மறுநாளாகிய திங்கட்கிழமை மகாங்காளி கோயிலில் ரங்கம் நடைபெறுகிறது. சுடாத பச்சைமண் பானையின்மீது ஒரு பெண் ஏறி நின்று, ஆவேசமுற்று, அன்னையின் வாக்காக வரும் ஆண்டின் மழையையும் நோயையும் சொல்கிறாள். பூசையில் குறை இருந்தால் அதையும் சினந்து சொல்கிறாள். பூசாரிகள் கைகூப்பி, குறையைப் பொறுத்தருள வேண்டுகின்றனர். அடுத்த ஆண்டு சரிசெய்வதாக வாக்குக் கொடுக்கின்றனர். கடன் கொடுத்தவளே வாய்திறந்து கணக்குக் கேட்க, கடனாளி தவணை கேட்கிறான். அவள் சிறிது முணுமுணுத்துவிட்டு இசைகிறாள்.