நியூட்ரான் நட்சத்திரப் பிளாஸ்மாவை ஆராயும் எக்ஸ்போசாட்: பணி என்ன?

நியூட்ரான் நட்சத்திரங்களையும் கருந்துளைகளையும் சூழ்ந்துள்ள அதிவெப்பப் பிளாஸ்மாவிலிருந்து வெளிப்படும் எக்ஸ்-கதிர்களை ஆராய, இஸ்ரோ 2024 ஜனவரி 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட் மூலம் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளைச் செலுத்தியது. அக்கதிர்களின் தளவிளைவை (போலரைசேஷன்) அளவிடுவதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் இதுவாகும்.

நியூட்ரான் நட்சத்திரத்தின் விட்டம் ஏறத்தாழ 20 கிலோ மீட்டரே. நிறையோ சூரியனைவிட அதிகம். பலவற்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல் லட்சம் கோடி மடங்குக்கும் மேல் வலிமையானது. இணை நட்சத்திரத்திலிருந்து ஈர்க்கப்படும் வாயு, கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவாகி, காந்தப்புலக் கோடுகளின் வழியே துருவங்களில் விழுகிறது. அங்கு எழும் கதிர்கள் நேர் மேலாக வெளியேறுகின்றனவா, விசிறிபோல் பக்கவாட்டில் விரிகின்றனவா என்பது நெடுநாளைய கேள்வி. கதிர்களின் ஆற்றலையும் துடிப்பையும் மட்டும் கொண்டு இதைத் தீர்ப்பது கடினம். கதிரின் மின்புலம் எத்திசையில் அதிர்கிறது என்பதைக் காட்டும் தளவிளைவு, இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும்.

கோட்பாடுகள் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு ஹெர்குலிஸ் எக்ஸ்-1 சான்று. அதில் 80 சதவீதம் வரை தளவிளைவு எதிர்பார்க்கப்பட்டது; நாசாவின் ஐ.எக்ஸ்.பி.இ. விண்கலம் 2022-இல் அளந்தபோது கிடைத்தது சுமார் 10 சதவீதம் மட்டுமே. நட்சத்திரத்தின் மேலடுக்கு, கீழுள்ள அடுக்கைவிட அதிக வெப்பமாக இருப்பது இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் விளக்கினர். அதே ஆண்டில் சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையில் செய்த அளவீடு, அங்குள்ள வெப்பப் பிளாஸ்மா வாயுத் தட்டின் தளத்திலேயே பரவியிருப்பதை உணர்த்தியது.

ஐ.எக்ஸ்.பி.இ. 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை மட்டுமே அளக்கும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய போலிக்ஸ் கருவி, அது நின்ற இடத்தில் தொடங்கி 30 வரை செல்கிறது. பெரிலியத்தில் மோதிச் சிதறும் கதிர்களைச் சுற்றியுள்ள நான்கு உணர்விகள் எண்ணுகின்றன. எத்திசையில் அதிகம் சிதறின என்பதே தளவிளைவின் அளவைத் தருகிறது. வரும் கதிர்கள் மிகச் சொற்பம் என்பதால் ஒவ்வொரு இலக்கையும் நீண்ட நேரம் உற்றுநோக்க வேண்டியுள்ளது. ஐந்தாண்டு ஆயுளில் சுமார் 40 பிரகாசமான இலக்குகளை ஆராய்வதே திட்டம். போலிக்ஸின் முதல் இலக்கான நண்டு நெபுலா பல்சார், 2024 ஜனவரி 15 முதல் 18 வரை நோக்கப்பட்டது. உடன் செல்லும் எக்ஸ்பெக்ட் கருவி, 0.8 முதல் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான நிறமாலையைப் பதிவு செய்கிறது.