பாரிஸுக்குச் சென்ற இமாம்



 

பிள்ளைகளை மேற்படிப்பிற்காக அந்நிய நாடுகளுக்கு அனுப்பலாமா, அங்கே அவர்களுடைய தொழுகையும் ஒழுக்கமும் என்னாகும் என்று ஜும்ஆவிற்குப் பின் நம்மிடம் கவலையோடு கேட்கும் பெற்றோர் பலர். இக்கவலை புதியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து அரசுக்கும் இதே கவலை இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, மாணவர்களோடு இமாமையும் கப்பலேற்றி அனுப்புவதாகும்.

1798-ல் நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கியபோது, பீரங்கிகளோடு அறிஞர் கூட்டமொன்றும் வந்திறங்கியது. அவர்களோடு பழகி, அவர்களின் கருவிகளையும் நூல்களையும் கண்டு வியந்த அஸ்ஹர் ஆலிம்களுள் ஷைகு ஹஸன் அல்அத்தார் (ரஹ்) அவர்கள் ஒருவர். பின்னர் ஆட்சிக்கு வந்த முஹம்மது அலீ பாஷா, 1826-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களை அரசுச் செலவில் பிரான்சுக்கு அனுப்பினார். படைத்துறை, கப்பற்கலை, மருத்துவம், இரசாயனம், வேளாண்மை, அச்சுக்கலை எனத் துறைகள் பிரித்தளிக்கப்பட்டன. இக்குழுவின் இமாமாகத் தம் மாணவரொருவரை அத்தார் பரிந்துரைத்தார். மேல் எகிப்தின் தஹ்தா ஊரில் 1801-ல் பிறந்த ரிஃபாஆ அத்தஹ்தாவி (ரஹ்) என்பவரே அவர். காண்பவற்றையெல்லாம் எழுதி வைக்குமாறும் உஸ்தாத் அவரிடம் கூறியனுப்பினார்.

தொழவைக்கச் சென்ற அந்த இளம் ஆலிம், அதோடு நிற்கவில்லை. தாமே பிரெஞ்சு மொழியைக் கற்கத் தொடங்கினார். தம் உதவித்தொகையிலிருந்து நூல்கள் வாங்கினார். தனி ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார். இரவும் பகலும் வாசித்ததால் இடது கண் பலவீனமுற்றது. இரவில் வாசிக்க வேண்டாமென மருத்துவர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. (கிதாபு ஓதும் நம் மாணவர்கள் இதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்!) 1830-ல் இறுதித் தேர்வின்போது, தாம் மொழிபெயர்த்த பன்னிரண்டு நூல்களையும் பகுதிகளையும் தேர்வுக்குழுவின் முன் வைத்தார்.

பாரிஸில் இம்மாணவர்களின் கல்வியை மேற்பார்த்தவர் ஜொமார் என்பவர். நெப்போலியனோடு எகிப்துக்கு வந்த அறிஞர்களுள் இவரும் ஒருவர். படையெடுத்து வந்த நாட்டாருடன் வந்தவரே, கால் நூற்றாண்டிற்குப் பின் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளரானார். அவருக்கு மாணவர்கள்மீது அன்பிருந்தது உண்மை. ஆனால் அவருடைய நாட்டிற்கு எகிப்தில் செல்வாக்கும் வேண்டியிருந்தது. இதில் நாம் ஏமாறக்கூடாது. மாணவர்கள் பாரிஸில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த அதே 1830-ல்தான் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. தஹ்தாவி அதையும் தம் நூலில் பதிந்துள்ளார். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு மக்கள் தம் மன்னரையே விரட்டியதையும் கண்ணால் கண்டு எழுதினார். அந்நாட்டு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்தார். மெச்ச வேண்டியதை மெச்சினார். மார்க்கத்திற்கு மாறானதை மறுத்தார். இந்த நிதானத்தையே அவரிடம் நாம் பெரிதும் மதிக்கிறோம்.

1831-ல் தாயகம் திரும்பினார். அவரது பயண நூல் 1834-ல் பூலாக் அச்சகத்தில் வெளிவந்தது. அத்தார் அதற்கு மதிப்புரை எழுதினார். 1835-ல் கெய்ரோவில் மொழிகள் பள்ளி நிறுவப்பட்டு, அவர் பொறுப்பில் வளர்ந்தது. அங்குப் பயின்றவர்கள் ஏராளமான நூல்களை அரபியில் பெயர்த்தனர். ஆயினும் காலம் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. பின்னர் வந்த அப்பாஸ் பாஷா காலத்தில் பள்ளி மூடப்பட்டது. 1850-ல் தஹ்தாவி சூடானின் கார்த்தூமுக்கு அனுப்பப்பட்டார். பெயருக்குப் பதவி, உண்மையில் நாடுகடத்தலே. சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து, 1873-ல் வஃபாத்தாகும் வரை கல்விப்பணியிலேயே இருந்தார்.

போனவர்களைக் கூறிய நாம், வந்தவர்களையும் கூறவேண்டும். அஸ்ஹர் பள்ளிவாசலில் 'ரிவாக்' எனப்படும் மாணவர் விடுதிப் பகுதிகள் நாடுவாரியாக இருந்தன. ஷாம் நாட்டாருக்கும் மக்ரிப் நாட்டாருக்கும் இருந்ததுபோல், ஜாவா மாணவர்களுக்கும் ஒரு ரிவாக் இருந்தது. 1945 ஆகஸ்டு 17 அன்று இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர்கள் அதனை ஏற்க மறுத்தனர். அவ்வேளையில் கெய்ரோவிலிருந்த இந்தோனேசிய மாணவர்கள் எகிப்தியப் பத்திரிகைகளிடமும் தலைவர்களிடமும் தம் நாட்டிற்காக எடுத்துரைத்தனர். அந்நகரத்தாரின் மொழியை அவர்கள் அறிந்திருந்தனர். 1946 நவம்பரில், இந்தோனேசியாவை அங்கீகரிக்குமாறு அரபு லீக் தன் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. 1947 ஜூன் 10 அன்று எகிப்தும் இந்தோனேசியாவும் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஹாஜி அகுஸ் ஸாலிம் அவர்கள் இந்தோனேசியாவின் சார்பில் கையெழுத்திட்டார். புதிதாய்ப் பிறந்த அந்நாட்டை முதன்முதலாக அங்கீகரித்த நாடுகளுள் எகிப்தும் ஒன்றானது. ரிவாக்குகள் போதாமற் போகவே, 1950-களில் அந்நிய நாட்டு மாணவர்களுக்கென்று கெய்ரோவில் தனி விடுதி நகரமே எழுப்பப்பட்டது.